வண்ணத் தெளிப்பானும் அதன் வாயளவும்

ஒரு பொருளைச் செய்வது ஒரு தொழில். செய்த பொருளுக்கு நிறம் ஊட்டுவது வேறொரு தொழில். மரத்துக்கு வண்ணம் பூசினால் செல்லரிப்பு குறைகிறது. இரும்புக்குப் பூசினால் துரு அண்டாது. ஆயினும் காப்பு ஒன்றே வண்ணத்தின் பயன் அன்று. தன் வண்டி தெருவில் நிற்கும் மற்ற வண்டிகளைப் போலல்லாமல் தனித்து விளங்க வேண்டும் என்னும் ஆசை மனிதர்க்கு இயல்பாகவே உண்டு. தொழிற்சாலை தந்த நிறத்தை நீக்கி, உடையவர் விரும்பும் நிறத்தையும் கோலத்தையும் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே அமைத்துக் கொடுக்கும் வேலையைக் 'கஸ்டம் பெயிண்டிங்' என்று பட்டறைகளில் சொல்லுகிறார்கள். விருப்ப வண்ண வேலை என்று நாம் அதனைத் தமிழில் கூறலாம். இவ்வேலையைத் தொடங்க எண்ணும் ஒருவர் முதன்முதலில் எத்தகைய தெளிப்பானை வாங்க வேண்டும், அதன் வாய் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

மைசூரும் வண்ணமும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கு மைசூர் அறிமுகமான ஊர். அந்நகரின் வடபகுதியில் மண்டி மொஹல்லா என்றொரு பேட்டை இருக்கிறது. 'மண்டி' என்னும் சொல்லை நாம் விளக்க வேண்டியதில்லை. அரிசி மண்டி, வெங்காய மண்டி என்று நம் ஊர்களிலும் வழங்குவதுதான். 'மொஹல்லா' என்பது அரபு மொழியிலிருந்து உருது வழியாக வந்து, குடியிருப்புப் பகுதியைக் குறிக்கும் சொல். கன்னடமும் உருதுவும் தமிழும் அடுத்தடுத்த வாசல்களில் ஒலிக்கும் இத்தகைய பேட்டைகளில், கடைக்குப் பின்னே வீடும் வீட்டுக்கு முன்னே பட்டறையுமாகப் பிழைப்பு நடத்துவோர் பலர்.

வண்ணத்துக்கும் இப்பகுதிக்கும் உள்ள தொடர்பு பழையது. மண்டி மொஹல்லாவுக்கு அருகே பன்னிமண்டபப் பகுதியில் அமைந்துள்ள வண்ணத் தொழிற்சாலை 1937-ஆம் ஆண்டில் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரால் மைசூர் அரக்கு, வண்ணத் தொழிற்சாலை என்னும் பெயரால் தொடங்கப்பெற்றது. காடுகளில் கிடைத்த அரக்கே அதன் முதற் பொருள். 1947-இல் அரசுடைமையாகி, 1989-இல் மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ் என்று பெயர் மாறிய அந்நிறுவனந்தான், 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் முதல் வாக்காளர் விரலில் இடும் அழியா மையைச் செய்து தருகிறது. நாம் எந்த மாநிலத்தில் வாக்களித்தாலும் நம் விரலில் ஏறுவது மைசூர் மைதான்.

மற்றொரு தொடர்பும் உண்டு. மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் மோட்டார் சைக்கிள்களைச் செய்தது. 1973-க்குப் பின் 'யெஸ்டி' என்னும் பெயருடன் அவை வெளிவந்தன. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆலை மறைந்தாலும் வண்டிகள் மறையவில்லை. பழைய ஜாவாவின் பெட்ரோல் தொட்டியிலே இரு பக்கங்களும் குரோமிய முலாம் பூண்டு மின்ன, எஞ்சிய பகுதி அரக்குச் சிவப்பாய்ப் பொலிவதைக் கண்டவர் எளிதில் மறவார். அவ்வண்டிகளைத் தேடிப் பிடித்துப் பழைய கோலத்துக்குக் கொண்டுவருவோரும், அவற்றுக்குப் புதுக் கோலம் தருவோரும் இன்றும் மைசூரில் இருக்கின்றனர். இத்தகைய ஊரில் வண்ணத் தெளிப்பு ஓர் இளைஞருக்குக் கௌரவமான பிழைப்பாகக் கூடும். ஆனால் அவர் கையிலிருக்கும் சேமிப்பு சிறிது. அது தவறான கருவியில் முடங்கிவிட்டால் தொழில் தொடங்குமுன்னரே தளர்ந்துவிடும்.

கருவியின் வரலாறும் அமைப்பும்

பட்டறைகளில் இதனை 'ஸ்பிரே கன்' என்றே அழைப்பர். பெயர்தான் துப்பாக்கி, பிறப்போ மருத்துவமனையைச் சார்ந்தது. அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைப் பனித்துளிபோலத் தூவுவதற்காக 1880-களின் இறுதியில் ஒரு சிறு தெளிப்பானை அமைத்தார். அவர் மகன் தாமஸ், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தத்துவத்தை வண்ணம் தெளிப்பதற்குப் பயன்படுத்தினார். விரைவில் உலரும் நைட்ரோசெல்லுலோஸ் வண்ணங்கள் 1920-களில் மோட்டார்த் தொழிலில் புகுந்தபோது, தூரிகையால் அவற்றைச் சமமாகப் பூசுவது இயலாததாயிற்று. தெளிப்பான் நிலைபெற்றது அப்பொழுதுதான்.

அதன் அமைப்பு கடினமானதன்று. வண்ணம் வெளிவரும் துளைக்கு 'நாசில்' என்று பெயர். நாம் அதை வாய் என்று குறிப்போம். அத்துளையை அடைத்து நிற்பது 'நீடில்' எனப்படும் ஊசி. விசையை இழுத்தால் ஊசி பின்வாங்கி வண்ணத்துக்கு வழிவிடும். வாயைச் சூழ்ந்திருக்கும் பித்தளைத் தொப்பிக்கு 'ஏர் கேப்' என்று பெயர். அதன் சிறு துளைகள் வழியே பாயும் காற்று, வண்ணத்தைத் துகள்துகளாகச் சிதறடித்து, விசிறி வடிவில் பரப்புகிறது. வாய், ஊசி, தொப்பி ஆகிய இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டவை. ஆகையால் வாயை மட்டும் மாற்றி ஊசியைப் பழையபடி விட்டுவிட்டால் வண்ணம் ஒழுகும். மாற்றும்போது மூன்றையும் ஒரு தொகுதியாகவே மாற்ற வேண்டும்.

கருவியில் திருகுகளும் மூன்று. ஒன்று வண்ணத்தின் அளவையும், ஒன்று விசிறியின் அகலத்தையும், ஒன்று காற்றின் அளவையும் ஆளும். இவற்றின் பயனைப் பின்னர்க் காண்போம்.

எதை முதலில் எண்ண வேண்டும்?

தொழிலுக்குப் புதியவர் கடைக்குச் சென்றவுடன், "நல்ல கன் ஒன்று கொடுங்கள்" என்று கேட்பது வழக்கம். இக்கேள்விதான் சேமிப்பை வீணாக்குவது. நல்லது, தீயது என்பது கருவியில் மட்டும் இல்லை. எப்பொருளுக்கு வண்ணம் தெளிக்கப் போகிறோம், எவ்வண்ணத்தைத் தெளிக்கப் போகிறோம், நம்மிடமுள்ள கம்ப்ரஸர் எவ்வளவு காற்றுத் தரும் ஆகிய மூன்றையும் தீர்மானித்த பிறகு, நான்காவதாகவே கருவியைத் தீர்மானிக்க வேண்டும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். காற்றுக்குத் தகுந்த கருவி, வண்ணத்துக்குத் தகுந்த வாய் என்பதே இத்தொழிலின் முதற்பாடம்.

வாயளவும் வண்ணமும்

வாயின் அளவு மில்லிமீட்டரில் குறிக்கப்படும். 1.3, 1.4, 1.8 என்று பொறித்திருப்பதைக் காணலாம். எண்கள் அருகருகே இருப்பதால் வேறுபாடு அற்பம் என்று எண்ணிவிடக்கூடாது. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அக்கணக்குப்படி 1.3-லிருந்து 1.8-க்குச் சென்றால் துளையின் பரப்பு ஏறக்குறைய இருமடங்காகிறது, 1.0-க்கும் 1.4-க்கும் உள்ள வேறுபாடும் அத்தகையதே. கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர், தொட்டியின் மேல் வண்ணம் வழிவதா நிற்பதா என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

தடித்த வண்ணத்துக்குப் பெரிய வாய், மெல்லிய வண்ணத்துக்குச் சிறிய வாய் என்பது பொதுவிதி. குறுகிய வாயில் தடித்த அடிப்பூச்சை ஊற்றினால் அது திணறித் திணறித் துப்பும். அகன்ற வாயில் நீர்த்த வண்ணத்தை ஊற்றினால் பெருந்துளிகளாய் விழுந்து வழிந்துவிடும். இனி ஒவ்வொரு பூச்சுக்கும் உரிய அளவைச் சொல்லுவோம். வண்ணக் குப்பைகளைக் கழுத்தில் தொங்கவிட்ட பழைய வகைக்கும் தலைமேல் வைத்த புதிய வகைக்கும் சிறு வேறுபாடு உண்டாயினும், குப்பி மேலே அமைந்த கருவியைக் கருதியே இவ்வளவுகளைத் தருகிறோம்.

பட்டி தேய்த்த பின்னர்ப் பள்ளங்களை நிரப்புவதற்காகத் தெளிக்கும் கெட்டி அடிப்பூச்சுக்கு 1.7 அல்லது 1.8 பொருந்தும். அதனினும் தடித்த பாலியெஸ்டர் நிரப்பிக்கு 2.0-க்கு மேல் தேவைப்படும். நிறம் தரும் பூச்சுக்கு, குறிப்பாக வெள்ளித்துகள் கலந்த மெட்டாலிக் வண்ணத்துக்கு, 1.3 சிறந்தது. அதற்குமேல் ஏற்றும் 'கிளியர்' என்னும் ஒளிப்பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 போதும். பெட்ரோல் தொட்டியின் விளிம்பு, பக்கமூடி, தலைவிளக்குக் கூடு போன்ற சிறு பகுதிகளுக்கும், நிழல் விழுவதுபோல ஒரு நிறத்தை மற்றொன்றில் கரைக்கும் வேலைக்கும், 0.8 அல்லது 1.0 வாயுடைய சிறு கருவி உகந்தது. எழுத்தும் சித்திரமும் தீட்டுவதற்கு 'ஏர் பிரஷ்' என்னும் நுண்கருவி தனியே உண்டு. அதன் வாய் 0.2 முதல் 0.5 வரை இருக்கும்.

விருப்ப வண்ண வேலையில் இரண்டு சிறப்பு வகைகளைப் பற்றிக் கூற வேண்டும். முதலாவது 'கேண்டி' எனப்படுவது. வெள்ளி அல்லது பொன் நிறத்தின் மேல், கண்ணாடித்தாளைப் போல ஒளி ஊடுருவும் நிறத்தைப் பலமுறை ஏற்றி, இறுதியில் ஒளிப்பூச்சிடுவார்கள். ஒவ்வொரு பூச்சும் நிறத்தை ஆழமாக்குவதால், ஓரிடத்தில் சிறிது மிகுந்தாலும் அது பட்டையாகத் தெரிந்துவிடும். இதற்கு 1.2 அல்லது 1.3 வாயும், தடுமாறாத கையும் வேண்டும். இரண்டாவது, மினுங்கும் பெருந்துகள்களைக் கலந்து தெளிப்பது. துகள் 0.2 மில்லிமீட்டர் அளவுடையதானால் சிறிய வாயில் அடைத்துக்கொள்ளும், 2.0 அளவுள்ள வாய் வேண்டும். இவ்விரண்டும் தேர்ந்தவர்க்கு உரியவை. தொடங்குவோர் ஒற்றை நிறத்திலும் மெட்டாலிக்கிலும் கை பழகிய பின் இவற்றை நாடுவதே நலம்.

ஆகவே, ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்பவர், குப்பி மேலமைந்த, 1.3 அல்லது 1.4 வாயுடைய கருவியை வாங்குவாராக. அதே கருவிக்கு 1.7 அல்லது 1.8 தொகுதி தனியே கிடைக்குமாயின் அடிப்பூச்சுக்கும் அதுவே உதவும். இரண்டு கருவிகளுக்குப் பொருள் உள்ளவர், மலிவான ஒன்றை அடிப்பூச்சுக்கென ஒதுக்கி, நல்ல கருவியை நிறத்துக்கும் ஒளிப்பூச்சுக்கும் காத்துவைப்பது சாலச் சிறந்தது. அடிப்பூச்சின் கடினத் துகள்கள் வாயையும் ஊசியையும் தேய்ப்பவை என்பதே காரணம்.

காற்றுக் கணக்கு

குப்பி கீழே தொங்கும் பழைய வகையில், காற்றின் உறிஞ்சலால் வண்ணம் மேலேற வேண்டும். மேலே குப்பியுள்ள வகையில் வண்ணம் தன் எடையாலேயே இறங்குகிறது. ஆகவே குறைந்த அழுத்தம் போதும். அடியில் தங்கி வீணாகும் வண்ணமும் குறைவு. நூறு, இருநூறு மில்லிலிட்டர் வண்ணத்தை மட்டும் கலந்து தொட்டி ஒன்றுக்குத் தெளிக்கும் நம் இளைஞருக்கு இது பெருநன்மை.

அழுத்தத்தைக் கொண்டும் வகை பிரிப்பர். பழைய முறையில் மிகுந்த அழுத்தத்தோடு வண்ணம் பறப்பதால், பத்துப் பங்கில் மூன்று அல்லது நான்கு பங்கே பொருளில் படியும். மற்றது காற்றில் பறந்து சுவரிலும் நுரையீரலிலும் படியும். இதைக் குறைக்க எழுந்ததே 'எச்.வி.எல்.பி.' என்னும் முறை. மிகுந்த காற்று, குறைந்த அழுத்தம் என்பது அதன் பொருள். தொப்பியினின்று வெளிவரும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டைத் தாண்டாது. வண்ணத்தில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் பொருளில் படிய வேண்டும் என்பது அதற்கு வகுக்கப்பட்ட அளவுகோல். வண்ணத்தின் விலையை எண்ணினால் இதன் சிறப்பு விளங்கும்.

ஆனால் இங்கேதான் ஒரு கண்ணி இருக்கிறது. குறைந்த அழுத்தம் என்பதைக் கேட்டுச் சிறிய கம்ப்ரஸர் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். பெயரிலேயே 'மிகுந்த காற்று' என்று இருப்பதை மறந்துவிடக் கூடாது. முழு அளவுள்ள எச்.வி.எல்.பி. கருவி நிமிடத்துக்குச் சுமார் 10 முதல் 15 கன அடிக் காற்றை உண்ணும். ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸரோ உண்மையில் 3 அல்லது 4 கன அடிதான் தரும். விளம்பரத் தாளில் அச்சிட்ட அளவு பெரும்பாலும் உருளை இழுத்துக்கொள்ளும் காற்றின் அளவு. வெளியே கிடைப்பது அதில் மூன்றில் இரண்டு பங்கு என்று மதிப்பிட்டுக் கொள்ளலாம். பசித்த யானைக்குப் பறவையின் இரையைக் கொடுத்தாற்போல், விலையுயர்ந்த கருவி சிறு கம்ப்ரஸரில் திணறும். முதல் கையோட்டத்தில் நன்றாய்த் தெளித்து, இரண்டாவதில் சொட்டுச் சொட்டாகத் துப்பினால், குறை கருவியில் இல்லை, காற்றில்தான்.

ஆதலால் வீட்டு முற்றத்தில் ஒரு குதிரைத்திறன் கம்ப்ரஸரை வைத்திருப்பவர், நிமிடத்துக்கு 3 முதல் 5 கன அடி போதுமென்று குறிக்கப்பட்ட சிறு கருவியையோ, குறைந்த காற்று, குறைந்த அழுத்தம் என்னும் 'எல்.வி.எல்.பி.' வகையையோ தேர்வது முறை. மோட்டார் சைக்கிளின் தொட்டி, மண்காப்பு, பக்கமூடி இவற்றுக்கு இது தாராளமாகப் போதும். காருக்கு வண்ணம் தெளிப்பது எதிர்கால எண்ணமானால், முதலில் கம்ப்ரஸரைப் பெரிதாக்கிக் கொண்டு, கருவியைப் பிறகு வாங்க வேண்டும்.

குழாயையும் கவனிக்க வேண்டும். உள்விட்டம் 6 மில்லிமீட்டர் உள்ள நீண்ட குழாயில் அழுத்தம் வழியிலேயே குறைந்துவிடும். 8 மில்லிமீட்டர் குழாய் மேலானது. அழுத்தமானியைக் கருவியின் பிடியிலேயே பொருத்தி, விசையை இழுத்துக் காற்று ஓடும்போதே அளவைப் பார்க்க வேண்டும். காற்றுத் தொட்டியின் அடித்திருகை நாள்தோறும் திறந்து நீரை வெளியேற்றவேண்டும். குழாய்த் தொடக்கத்தில் நீர் வடிகட்டி ஒன்றும் இருக்க வேண்டும். மைசூரில் வைகாசியிலும் ஐப்பசியிலும் மழை வலுக்கும். அந்நாட்களில் விரைந்துலரும் வண்ணத்தைத் தெளித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, வெண்புகை மூடினாற்போல் ஒளி மங்கிவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலப்பதும், மழை நின்ற நேரம் பார்ப்பதும் அதற்கு மாற்று.

கலவையும் கையும்

வாயளவைச் சரியாகத் தேர்ந்தும், கலவை பிழைத்தால் பயனில்லை. வண்ணத்தின் நீர்மையை அளக்க, அடியில் துளையுள்ள சிறு கிண்ணம் விற்கிறது. 'போர்டு கப்' என்றும் 'பி 4 கப்' என்றும் அதைச் சொல்லுவர். கிண்ணத்தை நிரப்பி, ஒழுகும் தாரை அறும்வரை எத்தனை நொடி ஆகிறது என்று கணக்கிட வேண்டும். மேற்பூச்சு வகைகள் பலவற்றுக்கு 18 முதல் 22 நொடி உகந்தது. எனினும் வண்ணம் செய்த நிறுவனத்தின் தாளில் அவ்வண்ணத்துக்குக் குறித்த நொடியையும் வாயளவையுமே முதல் வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும். பலர் கண்மதிப்பில் தின்னரை ஊற்றுகிறார்கள். கண்மதிப்பு பழகிய கைக்கு உரியது. பழகாத கைக்குக் கிண்ணமே ஆசிரியர்.

பொருளின் மேல் தெளிக்குமுன் ஒரு காகிதத்தைச் சுவரில் ஒட்டி அதில் தெளித்துப் பார்க்கவேண்டும். படியும் வடிவம் நீள்வட்டமாய், மேலும் கீழும் ஒரே அடர்த்தியாய் இருக்கவேண்டும். ஒரு முனை கனத்திருந்தால், காற்றுத் தொப்பியை அரைச்சுற்றுத் திருப்பி மீண்டும் தெளிக்க வேண்டும். கனம் மறுமுனைக்கு மாறினால் அழுக்கு தொப்பியில் இருக்கிறது. மாறாமல் பழைய இடத்திலேயே நின்றால் அழுக்கு வாயில் இருக்கிறது. நடு மட்டும் கனத்து ஓரம் மெலிந்தால் காற்றுக் குறைவு அல்லது வண்ணத் தடிப்பு. நடு பிளந்து இரண்டாய்த் தெரிந்தால் காற்று மிகுதி. இச்சிறு சோதனை ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாதவர் வாடிக்கையாளரின் தொட்டியைச் சோதனைக் காகிதமாக்கி விடுகிறார்.

குறைந்த அழுத்தக் கருவியானால் ஒரு சாண் தொலைவுக்குள், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டரில், பிடிக்க வேண்டும். பழைய வகையானால் சிறிது கூடுதல் தொலைவு வேண்டும். மணிக்கட்டை வளைக்காமல் கை முழுவதும் பரப்புக்கு இணையாக நகர வேண்டும். ஒவ்வோர் ஓட்டமும் முந்தையதன் பாதியையாவது மூடவேண்டும். தொலைவு மிகுந்தாலோ, கலவை தடித்தாலோ, வண்ணம் படியுமுன் உலர்ந்து, குடகுக் கிச்சிலிப்பழத்தின் தோலைப்போல் புள்ளிபுள்ளியாகிவிடும். மிக நெருங்கினாலும் மெதுவாய் நகர்ந்தாலும் வழியும். இவ்விரண்டு குற்றங்களுக்கும் கருவியைக் குறை கூறுவது எளிது; முதலில் கலவையையும் கையையும் பார்ப்பதே நேர்மை. பழைய இரும்புத் தகட்டையோ கழித்த மண்காப்பையோ வாங்கி, ஒரு மாதம் அதில் பழகிய பிறகே பிறர் பொருளைத் தொடவேண்டும்.

தூய்மை

வேலை முடிந்தவுடன் கருவியைக் கழுவாமல் உறங்குகிறவர், மறுநாள் புதுக் கருவி வாங்க ஆயத்தமாயிருக்க வேண்டும். குறிப்பாகக் கெட்டிப்படுத்தி கலந்த இருபொருள் வண்ணம் குப்பியிலேயே இறுகிவிட்டால் எந்தத் தின்னருக்கும் அது கரையாது. மிச்ச வண்ணத்தை வேறாக்கி, தின்னர் ஊற்றித் தெளித்து, பின்னர்த் தொப்பியையும் வாயையும் ஊசியையும் கழற்றி மென்மையான தூரிகையால் துலக்க வேண்டும். கருவி முழுவதையும் தின்னரில் ஊறவைத்தால் உள்ளிருக்கும் அடைப்பு வளையங்கள் கெட்டுவிடும். துளையில் கம்பியோ ஆணியோ நுழைத்தால் அதன் வட்டம் சிதையும், சிதைந்த 1.3 பின்பு 1.3 அன்று. கழுவிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடிய தகரத்தில் சேர்த்து வைத்தால், அடுத்த முறை முதற்கழுவலுக்கு உதவும்.

சுவரும் சித்திரமும்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் பழமொழி. இத்தொழிலில் சுவர் என்பது தொழிலாளியின் உடல். மேற்கூறிய செய்திகளில் ஒன்றிரண்டு மறந்தாலும் பொருள்தான் நட்டம். இப்பகுதியை மறந்தால் உயிருக்கே கேடு.

இன்று பெரிதும் வழங்கும் பி.யூ. வண்ணங்களின் கெட்டிப்படுத்தியில் ஐசோசயனேட்டு என்னும் வேதிப்பொருள் அடங்கியிருக்கிறது. தெளிக்கும்போது நுண்துகளாகி அது மூச்சுக்குழாயில் சென்று ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. ஒருமுறை உடல் அதற்குப் பகையாகிவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலை எழுப்பும். தொழிலையே விட வேண்டியதாகும். பிரிட்டனில் இவ்வகை வண்ணத்தால் வண்டிகளுக்குத் தெளிப்போர், மற்றத் தொழிலாளரைக் காட்டிலும் சுமார் 80 மடங்கு மிகுதியாக ஆஸ்துமாவுக்கு ஆளாகும் நிலையில் உள்ளனர் என்று அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்புத் துறை அறிவிக்கிறது. வாடை தெரியவில்லையே என்று ஆறுதல் கொள்வதும் தவறு. தீங்கு செய்யும் அளவு காற்றில் இருந்தும் மூக்கு அதை உணராமல் போகலாம்.

முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துணி முகமூடியும் இதைத் தடுக்கமாட்டா. தூய காற்றைக் குழாய் வழியே முகத்துக்குக் கொண்டுவரும் முகக்கவசமே இருபொருள் வண்ணத்துக்கு உரியது. அதற்கு வசதியில்லாத தொடக்கக்காரர் கெட்டிப்படுத்தி கலவாத ஒற்றைப்பொருள் வண்ணங்களில் பழகுவது அறிவுடைமை. அவற்றிலும் தின்னரின் ஆவி உண்டு. ஆகவே கரி அடைத்த வடிகட்டியும் துகள் வடிகட்டியும் சேர்ந்த முகமூடி, கண்ணாடி, கையுறை ஆகியவை வேண்டும். கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முகமூடிக்குப் பிரித்துவைத்த பிறகே, மீதிக்கு எந்தக் கருவி கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

மொஹல்லாவின் சந்துகள் குறுகியவை. பக்கத்துத் திண்ணையில் முதியவர் இருப்பார். எதிர்வீட்டில் குழந்தை உறங்கும். தெருவாசலில் நின்று தெளித்தால் நம் நுரையீரலுக்கு வருவது அவர்களுக்கும் வரும். காற்றை வெளியேற்றும் விசிறியும் வடிதிரையும் அமைந்த தனியிடம் இல்லாமல் இருபொருள் வண்ணத்தைத் தெளித்தல் ஆகாது. தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்பும் பீடியும் அருகே இருக்கக்கூடாது. சமையலறையை அடுத்த முற்றத்தில் இவ்வேலை கூடவே கூடாது.

வாங்கும்போது

கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் நான்கு வரிகளை எழுதிக் கொள்வது நல்லது: தெளிக்கப்போகும் பொருள், தெளிக்கப்போகும் வண்ணம், கம்ப்ரஸர் உண்மையில் தரும் காற்று, முகமூடிக்கு ஒதுக்கியது போக மீதமுள்ள தொகை. கடைக்காரரிடம் கேட்க வேண்டியவையும் நான்கே. கருவி நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றுக் கொள்ளும்? வாய், ஊசி, தொப்பி ஆகியவை தொகுதியாகத் தனியே கிடைக்குமா? அடைப்பு வளையங்கள் இவ்வூரிலேயே கிடைக்குமா? நீர் ஊற்றிக் காகிதத்தில் தெளித்துக் காட்டுவீர்களா? இவற்றுக்கு விடை சொல்லாத கடையில், பெயர்பெற்ற கருவியானாலும் வாங்காமலிருப்பது மேல். உதிரி உறுப்புக் கிடைக்காத உயர்ந்த கருவியைவிட, உறுப்புகள் கிடைக்கும் நடுத்தரக் கருவியே நெடுநாள் உழைக்கும். மொழி அறியாத ஊரில் இருக்கும் நம்மவர், உள்ளூர் நண்பர் ஒருவரை உடனழைத்துச் செல்வதும் பயனுடையது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறோம். வண்டியின் நிறம் அதன் பதிவுச் சான்றில் குறிக்கப்பட்டிருக்கிறது. அதனை மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்துச் சான்றிலும் திருத்திக் கொள்ளவேண்டும். வாடிக்கையாளர் இதை அறியாதிருக்கலாம். வேலையை ஏற்குமுன் சொல்லிவிடுவது தொழிலாளியின் கடமை. அவ்வாறு சொல்பவரையே அடுத்த வண்டிக்கும் மக்கள் நாடுவார்கள்.

வெளி மாநிலத்தில் கால் ஊன்றும் ஒருவருக்குச் செய்நேர்த்தியே சிபாரிசுக் கடிதம். எளிய கருவியாயினும், அதற்குரிய காற்றும், வண்ணத்துக்குரிய வாயும், உடலுக்குரிய காப்பும் அமைந்துவிட்டால், முதல் தொட்டியிலேயே வேலை பேசத் தொடங்கும். பெரிய கருவியைப் பிறகு அத்தொழிலே வாங்கித் தரும்.